வேலைக்கு, காம்பிங்குக்கு, ட்ரெயிலர் இழுக்க: எந்தப் பெரிய வான்?

ரொறன்ரோப் பகுதியில் வீட்டுத் திருத்த வேலை, மின்வேலை, கேட்டரிங், விநியோகம் என்று சொந்தத் தொழில் தொடங்குபவர்கள் வான் வாங்கும் இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அது வேலைக்கு ஓட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அல்கொன்குயின் பக்கம் போய் இரண்டு இரவு படுக்கவும் உதவ வேண்டும். மினி எக்ஸ்கவேட்டரோ படகோ ஏற்றிய ட்ரெயிலரையும் இழுக்க வேண்டும். மூன்றையும் ஒரே தரத்தில் செய்யும் வான் எந்தக் கொம்பனியிடமும் இல்லை. ஒன்றில் கெட்டி என்றால் இன்னொன்றில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வட அமெரிக்கச் சந்தையில் இதற்கு நான்கு வான்கள் உண்டு: ஃபோர்ட் ட்ரான்ஸிட், ராம் ப்ரோமாஸ்டர், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர், ஷெவி எக்ஸ்பிரஸ். ஜி.எம்.சி. சவானா என்பதும் எக்ஸ்பிரஸ்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. பெயரைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகு வேலையை அதற்குள் திணிப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. வாங்கிய பிறகு மாற்றவே முடியாதவை நான்கு: கூரையின் உயரம், எந்தச் சில்லு இழுக்கிறது என்பது, தொழிற்சாலை நிர்ணயித்த மொத்த எடை, முன் பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம். இவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். பெயர் தானாக வந்து சேரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

### பேலோட்: இழுவைக்கும் இதுதான் எல்லை

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எத்தனை இறாத்தல் இழுக்கும் என்ற எண்ணை. நடைமுறையில் அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே பேலோட், அதாவது வான் தன்மேல் சுமக்கக்கூடிய பாரம், முடிந்துவிடும். சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில் அந்தக் குறிப்பிட்ட வானின் எல்லை எழுதியிருக்கும். பிரசுரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்த ஸ்டிக்கரை மட்டும் நம்புங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேலோட் 3,400 இறாத்தல் என்று வையுங்கள். தட்டு, தடுப்புச் சுவர், ஏணித் தாங்கி மூன்றும் 550. கருவிகளும் பொருட்களும் 1,100. இரண்டு ஆட்கள் 380. இதிலேயே 2,030 போய்விட்டது, மிச்சம் 1,370. இப்போது 5,500 இறாத்தல் ட்ரெயிலரைக் கொழுவுகிறீர்கள். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்த வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறோம். 12 சதவீதம் என்றால் 660 இறாத்தல். அதுவும் வான் சுமக்கும் எடைதான். கடைசியில் மிஞ்சுவது 710. பத்துப் பெட்டி தரை ஓடு ஏற்றினால் அதுவும் கரைந்துவிடும்.

டங் வெயிட்டைக் குறைத்துவிட்டால் சரிதானே என்று சிலர் பாரத்தை ட்ரெயிலரின் பின்பக்கம் தள்ளுவார்கள். அது உயிருக்கே ஆபத்து. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் 100 கிலோமீற்றர் வேகத்தில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும், ஆட்டம் வானையும் இழுத்துக்கொண்டு போகும். பாரத்தில் 60 சதவீதம் ட்ரெயிலர் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

### கூரை

உயர்ந்த கூரை வானுக்குள் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். முதுகுக்கு நல்லது, காம்பிங்குக்கு அதைவிட நல்லது. ஆனால் வெளி உயரம் ஒன்பது அடியைத் தொடும். டிரைவ்-த்ரூ, கார் கழுவும் இடம், மோல் தரிப்பிடம் எல்லாம் அடைபட்டுவிடும். கொண்டோ நிலக்கீழ் தரிப்பிடங்களின் வாசலில் சாதாரணமாக ஆறரை அடிக்கும் ஏழு அடிக்கும் இடையில்தான் இடைவெளி இருக்கும். அங்கே தாழ்ந்த கூரை வானே உரசும் அபாயம் உண்டு. கொண்டோ கட்டடங்களில் பிளம்பிங், மின்வேலை செய்பவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் வழக்கமான நாலைந்து கட்டடங்களின் வாசல் பலகையைப் படித்துக்கொண்டு வரவும். வீட்டு டிரைவ்வேயில் வர்த்தக வாகனம் நிறுத்த உயரத்துக்கும் நீளத்துக்கும் எல்லை வைத்திருக்கும் மாநகராட்சிகளும் உண்டு. உங்கள் ஊரின் விதியை முன்கூட்டியே பாருங்கள்.

### எந்தச் சில்லு இழுக்கிறது

ட்ரெயிலரின் டங் வெயிட் பின் அச்சுக்குப் பின்னால் அழுத்துகிறது. சீசோ விளையாட்டு மாதிரி அது வானின் மூக்கைத் தூக்கும். அச்சுகளுக்கு இடையே 136 அங்குலம், ஹிட்ச் பந்து பின் அச்சிலிருந்து 48 அங்குலம் பின்னால் என்று கொண்டால், 660 இறாத்தல் டங் வெயிட் முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 233 இறாத்தலைப் பறித்துப் பின் அச்சில் 893 ஆக இறக்கும். பின்சில்லு இழுக்கும் வானுக்கு இது பிடிப்பைக் கூட்டுகிறது. முன்சில்லு இழுக்கும் வானுக்கு, ஈரமான படகுத் துறையிலோ பனி படிந்த ஏற்றத்திலோ பிடிப்பு தேவைப்படும் அதே நேரத்தில் பிடிப்பைக் குறைக்கிறது.

வெறும் வான் என்றால் நிலைமை தலைகீழ். எஞ்சின் பாரம் முன்சில்லின் மேல் இருப்பதால் பனி வீதியில் வெறுமையான ப்ரோமாஸ்டர் நன்றாகவே போகும். வெறுமையான பின்சில்லு வானின் வால் வழுக்கும்.

### 4,500 கிலோ கோடு

ஒன்ராறியோவில் வர்த்தக வாகனத்தின் உண்மை எடையோ பதிவு செய்த மொத்த எடையோ 4,500 கிலோவைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். எனும் வர்த்தக வாகனம் இயக்குபவருக்கான பதிவுச் சான்று, ஆண்டுப் பரிசோதனை, ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் பார்த்து எழுதும் பரிசோதனைப் பதிவு எல்லாம் தேவை. 4,500 கிலோ என்பது ஏறக்குறைய 9,920 இறாத்தல். எக்ஸ்பிரஸ் 3500 இன் (பெயருக்குப் பின் வரும் எண் பாரத் தரம்) மொத்த எடை எல்லை 9,900 இறாத்தல், கோட்டுக்கு ஒரு நூல் கீழே. ட்ரான்ஸிட் 350எச்.டி. 11,000 வரை போகும், கோட்டைத் தாண்டிவிடும். ட்ரெயிலர் தரையில் இறக்கும் எடை 2,800 கிலோவுக்கு மேல் போனால் அதுவும் வானின் பதிவு எடையோடு சேரும். மினி எக்ஸ்கவேட்டர் இழுப்பவர்கள் இந்த இடத்தில்தான் அகப்படுகிறார்கள். சாதாரண கார் ஓட்டும் ஜி அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். அனுமதிப்பத்திரம் வேறு, சி.வி.ஓ.ஆர். வேறு.

## எண்கள் ஒரே பார்வையில்

| | ட்ரான்ஸிட் | ப்ரோமாஸ்டர் | ஸ்ப்ரின்டர் | எக்ஸ்பிரஸ் |
|---|---|---|---|---|
| இழுக்கும் சில்லு | பின் அல்லது நான்கும் | முன் | பின் அல்லது நான்கும் | பின் |
| எஞ்சின் | 3.5 வி6, 3.5 டர்போ வி6 பெற்றோல் | 3.6 வி6 பெற்றோல் | 2.0 டர்போ டீசல் | 4.3 வி6, 6.6 வி8 பெற்றோல் |
| உள் உயரம் (உயர்ந்த கூரை) | சுமார் 81 அங்குலம் | சுமார் 76 | சுமார் 79 | சுமார் 53, வேறு கூரை இல்லை |
| சாமான் தளத்தின் உயரம் | சுமார் 28 அங்குலம் | சுமார் 21 | சுமார் 28 | சுமார் 28 |
| அதிகபட்ச இழுவை | 6,900 இறாத்தல் | 6,910 | 2500: 5,000, 3500: 7,500 | 10,000 வரை |
| நீளம் (நடுத்தர அளவு) | சுமார் 6 மீற்றர் | 5.4 மீற்றர் (136 அங்குல அச்சிடை) | 5.9 மீற்றர் | 5.7 மீற்றர் |
| சட்டகம் | உடலோடு ஒட்டியது | உடலோடு ஒட்டியது | உடலோடு ஒட்டியது | தனி ஏணிச் சட்டகம் |

இழுவை எண்கள் எல்லாம் சரியான எஞ்சின், சரியான அச்சு, தொழிற்சாலை டோ பக்கேஜ் (இழுவைக்கான ஹிட்ச், வயரிங்) மூன்றும் இருக்கும் வானுக்கு மட்டும். ஒன்று குறைந்தாலும் எண் இறங்கும். 4×8 பிளைவுட் நான்கிலும் சில்லு மேடுகளுக்கு இடையே தட்டையாகப் படுக்கும். அதை வைத்து யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை.

## ஃபோர்ட் ட்ரான்ஸிட்

பழைய ஈ-சீரிஸ் வானின் இடத்துக்கு 2015 மொடலாக வந்தது. இந்த நான்கில் அதிகம் வடிவமைத்துக்கொள்ளக் கூடியது இதுதான்: மூன்று கூரை, இரண்டு அச்சிடை நீளம், அதிலும் ஒரு நீட்டிய உடல், 2020 முதல் நான்கு சில்லு இழுவையும் உண்டு.

சாதாரண 3.5 வி6 275 குதிரைவலு. வேலைக்குப் போதும், காம்பிங்குக்கும் போதும். வாரத்துக்கு ஒரு தடவையாவது 4,000 இறாத்தலுக்கு மேல் இழுப்பீர்கள் என்றால் ஈக்கோபூஸ்ட் டர்போ எஞ்சினுக்குக் காசு கொடுங்கள். 310 குதிரைவலு என்பதை விட 400 இறாத்தல்-அடி முறுக்குவிசை என்பதுதான் முக்கியம். சாதாரண வி6 இல் அது 262. ஏற்றத்தில் ட்ரெயிலரோடு போகும்போது சாதாரண எஞ்சின் கியரை இறக்கி இறக்கி உறுமும், டர்போ அதே கியரில் ஏறிப்போகும். பதிலுக்கு டர்போ எஞ்சின் ஒயில் மாற்றத்தில் தாமதத்தைப் பொறுக்காது. இழுவை வேலை செய்யும் வானுக்கு 8,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை சிந்தெட்டிக் ஒயில் மாற்றுவது வீண் செலவல்ல.

பாவித்த ட்ரான்ஸிட் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: 2015 முதல் 2017 வரையான மொடல்களில் டிரைவ் ஷாஃப்டை இணைக்கும் ரப்பர் இணைப்பு வெடித்து, ஷாஃப்ட் கழன்று விழக்கூடும் என்பதால் 2017 இல் வட அமெரிக்காவில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கழன்ற ஷாஃப்ட் எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் அடித்துவிடலாம். வானின் இலக்கத்தை ஃபோர்ட் தளத்தில் போட்டால் அந்த வேலை முடிந்ததா என்று தெரியும். அதோடு நிற்காமல் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் வளையம் சாதாரண ஹொக்கி பக் அளவை விடச் சற்றுப் பெரியது, போல்ட் துளைகளைச் சுற்றி மயிர்க்கோடு விழுந்திருந்தால் அந்த வானை அப்படியே நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

2020 க்குப் பிந்திய வான்களில் 10 கியர் பெட்டி. மெதுவாகப் போகும்போது கியர் மாற்றம் தட்டுகிறது என்ற முறைப்பாடு பரவலாக உண்டு. சோதனை ஓட்டத்தை நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள். ஸ்காபரோ நெரிசலில் 20 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினால் குணம் தெரியும்.

இதுதான் பொருத்தம் என்றால்: வேலை முக்கியம், மற்ற இரண்டும் அளவாக வேண்டும். நடுத்தரக் கூரை, 148 அங்குல அச்சிடை, 250 தரம். ஆறடிக்குக் குறைந்தவர் தொப்பி போட்டுக்கொண்டும் நிமிர்ந்து நிற்கலாம், காற்றுக்கு உயர்ந்த கூரை அளவுக்கு ஆடாது. மூன்று தேவையும் உள்ள பெரும்பாலானவர்களுக்கு என்னுடைய முதல் சிபாரிசு இது.

## ராம் ப்ரோமாஸ்டர்

ஃபியட் டுக்காட்டோவை வட அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றியது, மெக்சிக்கோவின் சல்ட்டியோவில் தயாராகிறது. பின்னால் டிரைவ் ஷாஃப்ட் இல்லாததால் தளம் தரையிலிருந்து 21 அங்குலத்தில் இருக்கிறது. மற்றவற்றோடு ஏழு அங்குல வித்தியாசம். காகிதத்தில் சின்ன எண். ஒரு நாளில் 120 தடவை ஏறி இறங்கும் விநியோகச் சாரதியின் முழங்காலைக் கேளுங்கள், அது சொல்லும். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கேட்டரிங் சட்டி ஏற்றுபவர்களுக்கும் இதைவிட நல்ல வான் கிடையாது.

சுவர்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. உள் அகலம் 75.6 அங்குலம். இரண்டு பக்கமும் வெப்பக்காப்பும் பலகையும் போட்டாலும் 72 அங்குலம் மிஞ்சும். ஐந்தடி பத்து அங்குலம் உள்ளவர் குறுக்கே படுக்கலாம். குறுக்கே படுத்தால் படுக்கை 54 அங்குல நீளத்தோடு முடிந்துவிடும், நெடுக்கே படுத்தால் 75 தேவை. அந்த 21 அங்குலத்தில் ஒரு சமையல் மேசை வந்துவிடும். காம்பிங் வான் கட்டுபவர்கள் இதைத் தேடிப் போவது இதற்காகத்தான். ட்ரான்ஸிட்டிலும் ஸ்ப்ரின்டரிலும் குறுக்கே படுக்கச் சுவரை வெட்டி வெளிப்புறம் புடைத்த கூடு பொருத்த வேண்டும்.

எஞ்சின் க்றைஸ்லரின் 3.6 பென்டாஸ்டார். இரண்டு நோய் தெரிந்தவை. ஒன்று, ஒயில் ஃபில்டர் கூடு பிளாஸ்டிக், எஞ்சினின் இரண்டு வரிசைக்கும் நடுப் பள்ளத்தில் இருக்கிறது. சூட்டில் வளைந்து ஒயில் கசியும், கசிந்தது பள்ளத்தில் தேங்கிப் பிறகுதான் கீழே சொட்டும். தரையில் கறை தெரியும்போது கசிவு பழையது. மாற்றும்போது அலுமினியக் கூடு போடச் சொல்லுங்கள், இன்டேக்கைக் கழற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். மற்றது, ரொக்கர் ஆர்மின் சின்ன உருளை தேய்ந்து டிக்-டிக் என்று தட்டும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் காம்ஷாஃப்டும் போய்விடும். பாவித்த ப்ரோமாஸ்டரைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, முன்மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் காது கொடுங்கள்.

இழுவை எண் 6,910 என்று காகிதத்தில் ட்ரான்ஸிட்டை விடப் பத்து இறாத்தல் அதிகம். மேலே சொன்ன சீசோக் கணக்கால் நான் இதை 3,500 க்கு மேல் வழக்கமாக இழுக்க எடுக்க மாட்டேன். மூடிய சின்ன ட்ரெயிலர், மோட்டார் சைக்கிள், அலுமினியப் படகு, அவ்வளவுதான்.

இதுதான் பொருத்தம் என்றால்: விநியோகம், கேட்டரிங், வீட்டுப் பொருள் நகர்த்தல், அல்லது இரண்டு பேர் படுக்கும் காம்பிங் வான். 2022 க்கு முந்தியவற்றில் 6 கியர், அதன்பின் 9 கியர். பிந்தியது நெடுஞ்சாலையில் அமைதி.

## மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர்

நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இதன் இருக்கை, ஸ்டியரிங், பக்கக் காற்றைத் தாங்கும் தன்மை எல்லாம் மற்றவற்றை விட ஒரு படி மேல். 2023 முதல் 2.0 லீற்றர் நான்கு சிலிண்டர் டீசல்: 170 அல்லது 211 குதிரைவலு, 9 கியர். 100 கிலோமீற்றருக்குப் 10 முதல் 12 லீற்றருக்குள் முடித்துக்கொள்ளும். சேவை இடைவெளி 32,000 கிலோமீற்றர் என்பதும் உண்மை.

ஆனால் இந்த டீசலுக்குப் பொருந்தாத பாவனை ஒன்று இருக்கிறது, அதுதான் நம்மில் பலருடைய பாவனை: காலையில் ஐந்து கிலோமீற்றர், ஒரு மணி நேரம் ஐட்லிங், பிறகு மூன்று கிலோமீற்றர். புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நெடுஞ்சாலை வேகமும் தொடர்ந்த சூடும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைபடும். அதோடு புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். என்ற யூரியாத் திரவம், அதன் ஹீட்டர், புகையை அளக்கும் நொக்ஸ் சென்சர்கள். இதில் ஒன்று பழுதானால் திரையில் இன்னும் இத்தனை தடவைதான் ஸ்டார்ட் ஆகும் என்ற எண்ணிக்கை தோன்றி, பூச்சியத்தில் வான் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும். வேலை வானுக்கு இது பெரிய தண்டனை. மூலை கராஜில் திருத்தவும் முடியாது, எல்லா மெர்சிடிஸ் டீலரும் வானைத் தொடுவதும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து ஸ்ப்ரின்டர் பார்க்கும் டீலர் எத்தனை கிலோமீற்றர் என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

2500 வாங்கினால் இழுவை 5,000 இறாத்தலோடு நின்றுவிடும் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் அறிகிறார்கள். 7,500 வேண்டும் என்றால் 3500.

இதுதான் பொருத்தம் என்றால்: ரொறன்ரோ-மொன்றியல், ரொறன்ரோ-வின்சர் என்று ஆண்டுக்கு 50,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவர்கள். வருடக்கணக்கில் வைத்திருக்கும் காம்பிங் வான். நகருக்குள் சுற்றும் வேலைக்கு வேண்டாம்.

## ஷெவி எக்ஸ்பிரஸ், ஜி.எம்.சி. சவானா

1996 மொடலாக வந்த வடிவம், பெரிய மாற்றம் இல்லாமல் மிசூரியின் வென்ட்ஸ்வில்லில் இருந்து வந்துகொண்டே இருந்தது. பழசு என்று ஒதுக்குபவர்கள் ட்ரெயிலரைக் கொழுவிப் பார்த்ததில்லை. ஏணிச் சட்டகம், 2021 முதல் 6.6 லீற்றர் வி8, 401 குதிரைவலு, 464 இறாத்தல்-அடி. டர்போ இல்லை, யூரியா இல்லை, இரும்பு பிளொக். 1.7 தொன் மினி எக்ஸ்கவேட்டர் சுமார் 3,800 இறாத்தல், அதைச் சுமக்கும் இரட்டை அச்சு ட்ரெயிலர் இன்னொரு 1,500 முதல் 2,000. சேர்ந்து 5,300 முதல் 5,800 வரை. இதை வாரத்தில் மூன்று நாள் இழுக்கும் ஆளுக்கு மற்ற மூன்றும் எல்லைக்குக் கிட்டே நிற்கும், எக்ஸ்பிரஸ் பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கும்.

விலை எரிபொருளில் வரும். ட்ரெயிலர் இல்லாமலே 100 கிலோமீற்றருக்குச் சுமார் 18, 19 லீற்றர் குடிக்கும். 14 குடிக்கும் வானோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றரில் 1,500 லீற்றர் வரை அதிகம். லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்தாலும் 2,250 டொலர். இழுக்காத ஆள் இந்தக் காசை எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

உள்ளே நிற்க முடியாது, குனிந்துதான் எல்லாம். எஞ்சினின் பாதி இரண்டு இருக்கைக்கும் நடுவில் முன்கூண்டுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் கால் வைக்கும் இடமும் குறைவு, பின் சிலிண்டர் ஸ்பார்க் பிளக் மாற்றும் கூலியும் கூடுதல். பாவித்ததில் இரண்டைப் பாருங்கள்: குளிர்காலத்து உப்பில் துருவேறிய பிரேக் குழாய்களும் கியர்பெட்டி ஒயில் குழாய்களும், வி8 இல் உடைந்த எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் போல்ட்களும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது டப்-டப் என்று கேட்டுச் சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் போல்ட்தான். உடைந்து உள்ளே சிக்கிய போல்ட்டைத் துளைத்து எடுக்கக் கூலி பொருளின் விலையைப் போலப் பல மடங்கு.

இதுதான் பொருத்தம் என்றால்: 6,000 இறாத்தலுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர்கள், மூலை கராஜிலேயே திருத்திக்கொள்ள விரும்புபவர்கள். காம்பிங்குக்கு என்றால் படுக்க மட்டும்.

இதே வகையில் நிசான் என்.வி. என்ற வானும் 2012 முதல் 2021 வரை விற்பனையில் இருந்தது. ஏணிச் சட்டகத்தோடு நிமிர்ந்து நிற்கும் கூரையும் கிடைத்த வான் அது. 5.6 வி8 உள்ளது நல்ல விலைக்கு அகப்பட்டால் பார்க்கலாம். மின்சார ஈ-ட்ரான்ஸிட் 2022 இல் 68 கிலோவொட்-மணி பட்டரியும் 126 மைல் தூரமும் என்று வந்தது. குளிர்காலத்தில் அந்தத் தூரம் நன்றாகச் சுருங்கும். இரவில் சொந்த டிரைவ்வேயில் சார்ஜ் போட்டு ஒரே நகருக்குள் சுற்றும் விநியோகத்துக்குப் பொருந்தும், இழுவைக்கும் காட்டுக்கும் பொருந்தாது.

## விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்

இருக்கை. சாமான் வானில் இரண்டு இருக்கைதான். பிள்ளைகளோடு காம்பிங் என்றால் இரண்டாம் வரிசை தொழிற்சாலையிலேயே வந்த க்ரூ வான் வேண்டும். ட்ரான்ஸிட்டிலும் ஸ்ப்ரின்டரிலும் கிடைக்கும். வெறும் தளத்தில் துளை போட்டு ஏதோ ஒரு இருக்கையைப் பூட்டிப் பிள்ளையை இருத்துவது கூடவே கூடாது. பட்டியின் பிடி தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும், காப்புறுதியும் கை விரிக்கும்.

ரயர். இவை எல்லாவற்றுக்கும் பாரம் தாங்கும் வகை ரயர் வேண்டும். ட்ரான்ஸிட்டுக்கு 235/65ஆர்16சி, ப்ரோமாஸ்டருக்கு 225/75ஆர்16சி. அளவு ஒன்றுதானே என்று கார் ரயர் போட்டால் பாரத்தில் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். பனி ரயர் இந்த அளவுகளில் தெரிவும் குறைவு, விலையும் கூட. ஒக்டோபருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

டோ பக்கேஜ். வாங்கும்போதே தொழிற்சாலையில் போடுங்கள். பிறகு போட்டால் ஹிட்சும் ஏழு முனை வயரிங்கும் கிடைக்கும், ஆனால் வானின் கணினிக்கு ட்ரெயிலர் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க டீலரிடம் தனியாகக் காசு. ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். மின் பிரேக் என்றால் முன்கூண்டில் கன்ட்ரோலரும் வேண்டும்.

காப்புறுதி. சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வேலைக்கு ஓட்டினால் விபத்து நடந்த நாளில் கையில் ஒன்றும் இருக்காது. வேலை, காம்பிங், இழுவை மூன்றையும் முகவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரியைத் திரும்பப் பெற நினைப்பவர்கள், வான் பாதிக்கு மேல் தொழிலுக்குத்தான் ஓடுகிறது என்று காட்டக் கிலோமீற்றர்ப் பதிவை முதல் நாளிலிருந்தே எழுத வேண்டும்.

காம்பிங் பொருட்கள். படுக்கை, அலுமாரி, பட்டரி, குளிர்ப்பெட்டி, ஹீட்டர் எல்லாம் சேர 1,000 முதல் 1,500 இறாத்தல் ஆகிவிடும். தண்ணீர் 80 லீற்றர் என்றால் இன்னொரு 176. லிதியம் இரும்பு பொஸ்பேட் பட்டரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து நிரந்தரமாகக் கெடும். பட்டரியை வானின் வெளியே தொங்க விடாமல் உள்ளே, தன்னைச் சூடாக்கும் வகையாக வையுங்கள். வேலை வானையே வார இறுதியில் காம்பிங்குக்கு எடுப்பவர்கள் எதையும் நிரந்தரமாகக் கட்டாமல், தளத்தில் எல்-ட்ராக் தண்டவாளம் நான்கு பதித்துத் தட்டையும் படுக்கையையும் மாற்றி மாற்றிப் பூட்டுங்கள். வெள்ளி மாலை கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம் போதும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு நிறுவை

இப்போது ஓட்டும் வாகனம் எதுவானாலும் வேலைச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி, நெடுஞ்சாலை லொறி நிறுத்தத்தில் உள்ள எடைத் தராசுக்குப் போங்கள். முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்த தட்டில், ட்ரெயிலர் மூன்றாம் தட்டில் நிற்க வேண்டும். முதல் தடவை ட்ரெயிலரோடு, இரண்டாம் தடவை ட்ரெயிலரை வெளியே கழற்றிவிட்டு. முதல் தடவை வந்த முன், பின் அச்சு எடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டாம் தடவை வந்த கூட்டுத்தொகையைக் கழித்தால் டங் வெயிட். அந்த மூன்றாம் தட்டு எடையோடு டங் வெயிட்டைக் கூட்டினால் ட்ரெயிலரின் மொத்த எடை. இரண்டாம் தடவை வந்த கூட்டுத்தொகையிலிருந்து வெறும் வாகனத்தின் எடையைக் கழித்தால் நீங்கள் உண்மையில் சுமக்கும் பாரம். இந்த மூன்று எண்ணையும் கையில் எழுதிக்கொண்டு டீலரிடம் போய், கதவைத் திறந்து தூணில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள்.